வர்றேன் என்று சொல்லக்கூடாத கணவாய்

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு, அதற்குக் கையும் காலும் வைத்து எழுதுகிற சமாச்சாரம் இல்லை. மலைப்பாதைப் பேருந்தில் வருஷக்கணக்காகக் கண்டக்டர் வேலை பார்க்கிறேன். மீசை முளைத்த பிள்ளைக்கு அரை டிக்கெட் கேட்கிற தகப்பன்மார்களை எல்லாம் பார்த்தாயிற்று. பொய் எந்த முகத்தோடு வரும் என்று எனக்குத் தெரியும். நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் இரண்டு மணி அடித்துவிட்டால் அப்புறம் வண்டி நிற்காது.

என் பெயர் ரோகிணி சாளுங்கே. ஊர் கோண்ட்வடி. அங்கிருந்து கராட் போகிற பேருந்துதான் என் பேருந்து. வழியில் உப்யா கணவாய் இருக்கிறது. நின்றவரின் கணவாய் என்று அர்த்தம். அங்கே நின்றவர் ரம்பாஜி தமாளே, மராட்டியப் படைத் தளபதி.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போதே அவர் கதையைச் சொல்லிவிடுவார்கள். கீழே இருந்து எதிரிப் படை வருகிறது. மேலே கோட்டை. பள்ளத்தாக்கு ஜனம் மொத்தமும் பிள்ளைகுட்டியோடு, ஆடுமாட்டோடு கோட்டைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறி முடிக்க ஒரு பகல் வேண்டும். ரம்பாஜி பாபா விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்களோடு கணவாயை மறித்து நின்றார். இரண்டு மாட்டுவண்டி சேர்ந்து போக முடியாத இடம் அது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஒருத்தனையும் விடவில்லை. கடைசிக் கிழவி கோட்டைக்குள் போன பிறகுதான் அவர் உயிர் போனது. அப்போதும் விழவில்லை. பாறையில் சாய்ந்தபடி நின்றுகொண்டே இருந்தாராம்.

அந்த இடத்தில் அவருக்கு ஒரு நடுகல் இருக்கிறது. இரண்டு கையிலும் வாள். மார்பெல்லாம் காயம். ஆனால் முகம் மட்டும் பின்பக்கம், கோட்டைப் பாதையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். காரணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சண்டை நடுவில் ஒரு பையனைக் கோட்டைக்கு அனுப்பினார். "வர்றேன் பாபா" என்று சொல்லிவிட்டு ஓடினான் அவன். வரவேயில்லை. அவனை எதிர்பார்த்துக்கொண்டேதான் உயிரை விட்டார்.

அதனால் ஒரு வழக்கம். எந்த வண்டியும் நடுகல்லில் நிற்கும். பாக்ரி என்கிற கேழ்வரகு ரொட்டி ஒன்றும் வெங்காயமும் வைப்போம். கிளம்பும்போது "போறோம்" என்று சொல்வோம். மற்ற எந்த வாசலிலும் எங்கள் வாயில் அந்தச் சொல் வராது. வீட்டை விட்டுப் போகிறவன் "வர்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ரம்பாஜி பாபாவிடம் அப்படிச் சொல்லக்கூடாது. ஏற்கெனவே ஒருத்தன் சொன்னதற்கு அவர் இன்னும் காத்திருக்கிறார்.

இதை நான் ஒருநாளும் ரசித்ததே இல்லை. எங்கள் அப்பா பட்டாளத்துக்காரர். விடுமுறை முடிந்து போகும்போது அந்தக் கல்லுக்கு முன்னால், வழக்கப்படி, "போறேன்" என்று சொன்னார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்பா உயிரோடு திரும்பவில்லை. தேசியக்கொடி சுற்றித்தான் வந்தார்.

இப்போது என் தம்பி சம்பத்தும் பட்டாளத்தில்.

போன ஆவணியில் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் கையில் ராக்கி கட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குச் சாயங்கால ரயிலில் அவன் கிளம்ப வேண்டும். எல்லைப் பக்கம் மாற்றல் என்று மட்டும் சொன்னான். எந்த எல்லை, எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சிரித்தான். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். "உன் வண்டியிலயே கூட்டிட்டுப் போ. ரயில் ஏத்திட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள். எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. அவனைப் பத்திரமாக அனுப்பிப் பத்திரமாகத் திரும்ப வாங்க வேண்டும். அன்றைக்கு என் மனசில் வேறெதுவும் இல்லை.

மழை விடாமல் பெய்தது. வண்டியில் நாலே பேர். டிரைவர் மானே மாமா, நான், இரும்புப் பெட்டியோடு சம்பத், கோழிக்கூடையோடு சந்தைக்குப் போகிற ஹௌசா அத்தை. அத்தையின் வாய் ஊருக்கே தெரியும்.

"ஏண்டி ரோகிணி, கை ஏன் இப்படி மொட்டையா இருக்கு? கல்யாணமானவ, ரெண்டு கண்ணாடி வளையல் போட்டா என்ன கொறஞ்சா போயிடுவே?"

"டிக்கெட் மெஷின் வார்ல மாட்டுது அத்தை."

"உன் புருஷன் பாவம்டி."

"அவரை நான் பாத்துக்கறேன். நீங்க கோழிக்கு டிக்கெட் எடுங்க."

சம்பத் வாய்விட்டுச் சிரித்தான். கோழிகள் கூடைக்குள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கோழிகள் கத்திக்கொண்டுதான் இருந்தன.

மூன்றே முக்காலுக்குக் கணவாய்க்குள் நுழைந்தோம். பட்டப்பகல்தான். ஆனால் மேகம் இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்திருந்தது. மாமா விளக்கைப் போட்டார். நடுகல் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற பூசாரி தோண்டிபாகூடக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

நானும் சம்பத்தும் இறங்கினோம். அவன் பாக்ரியை வைத்தான். காலைச் சேர்த்து நின்று சல்யூட் அடித்தான். பிறகு நல்ல தெளிவாகச் சொன்னான்.

"போறேன் பாபா."

அதே இடம். அதே உடுப்பு. அப்பாவின் குரல்கூட அப்படியே அவனுக்கு வந்திருக்கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் பார்த்துவிட்டான். என் தோளில் கை போட்டான்.

"என்னக்கா நீ... அழாதே. வர்றேன்."

எனக்குத்தான் சொன்னான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வழக்கமாக வண்டியை எடுக்கும்போது ஒரு தடவை ஹாரன் அடிப்பார். அன்றைக்கு அடிக்கவில்லை.

ஏறினோம். நான் கயிற்றை இழுத்தேன். இரண்டு மணி. வண்டி கிளம்பியது.

கணவாய் நீளமானது. இரண்டு பக்கமும் பாறை. பாறையில் வழிகிற தண்ணீர்ச் சத்தம், எஞ்சின் சத்தம், துடைப்பான் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம். ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

கோழிகள்.

கூடையை எட்டிப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தன. எல்லாம் ஒரே பக்கம் ஒண்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அசையாமல் இருந்தன. ஹௌசா அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

டிங்.

ஒரு மணி. ஒரு மணி என்றால் நிறுத்து. மாமா பிரேக்கை மிதித்தார்.

"என்ன ரோகிணி?"

"நான் அடிக்கல மாமா."

"வேற யாரு அடிச்சது? விளையாட இதுவா இடம்?"

சம்பத் ஜன்னலில் சாய்ந்து தூங்கியிருந்தான். ஏறி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் தூக்கம். பின் இருக்கைகள் காலி. கயிறு மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கியதில் அடித்திருக்கும் என்று சொன்னேன். இரண்டு மணி கொடுத்தேன். வண்டி நகர்ந்தது.

டிங்.

இந்தத் தடவை பார்த்தேன். கயிறு பின்பக்கமாக விறைத்தது. யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது. பிறகு தளர்ந்தது.

மாமா நிறுத்தினார். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு அணைந்தது. அவர் சாவியைத் திருகினார். திருகினார். உயிரே இல்லை.

மழையும் நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்த வாசனை. தீபாவளி மறுநாள் காலை தெருவில் ஒரு நெடி இருக்குமே... அது. ஈரத்தோடு கலந்து மூக்கைக் கரித்தது.

வெளியே, பனிக்குள்ளிருந்து, ஒரு ஆண் குரல்.

"தாரு கொண்டாந்தியா?"

தாரு என்றால் எங்கள் பக்கம் சாராயம். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அட, குடிகாரன். பின்னால் ஏணியில் தொற்றிக்கொண்டு மணிக்கயிற்றை இழுத்து விளையாடுகிறான். வந்த கோபத்தில் கதவருகே போய்க் கத்தினேன்.

"யாருய்யா அது? குடிச்சிட்டு வண்டியில ஏறக்கூடாது. ஒழுங்கா ஓரமாப் போ."

தலையை நீட்டிப் பார்த்தேன்.

பனியில் ஆள் தெரியவில்லை. படிக்கட்டில் மட்டும்...

சத்தம். ஒரு கால் வைத்த சத்தம்.

வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. நிஜமாகச் சாய்ந்தது. பெரிய உடம்புக்காரர் யாராவது ஏறினால் சாயுமே, அப்படி. படியில் யாரும் இல்லை. ரப்பர் விரிப்பில் தண்ணீர் கோத்தது. ஒரு பாதத்தின் அளவுக்கு. விரல்கள் தெரிந்தன.

நான் பின்னால் நகர்ந்தேன். இடது கை தானாக மேலே போய் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. பதற்றமானால் எனக்கு அந்தக் கை அங்கேதான் போகும்.

"ரோகிணி..." என்றார் மாமா.

"தாரு கொண்டாந்தியா?"

இப்போது குரல் உள்ளே.

சம்பத் எழுந்தான்.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. காலைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"வந்துட்டேன் பாபா."

அது அவன் குரல் இல்லை. அவனைவிடச் சின்னப் பையனின் குரல். நடந்தான். படியைப் பார்த்து நடந்தான். கடந்து போகும்போது வலது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். ராக்கிக்கு மேலே. அவன் நிற்கவில்லை. என்னையும் சேர்த்து இழுத்தான். என் கால் வழுக்கியது.

"சம்பத். டேய். நில்லுடா."

ஒரு அடி.

இன்னொரு அடி.

கலீர் என்று ஏதோ சத்தம். என் தோல்பையில் இருந்த சில்லறை என்று நினைத்தேன்.

அவன் நின்றான்.

முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். வெளியே வெள்ளையாகப் பனி. அதற்குள் மூச்சு வாங்குகிற சத்தம். நாள் முழுக்கச் சண்டை போட்ட ஆள் வாங்குகிற மூச்சு. எனக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தது. பேசினேன். எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள்.

"பாபா... இவன் போறேன்னுதான் சொன்னான். உங்ககிட்ட போறேன்னுதான் சொன்னான். வர்றேன்னது எனக்கு. அது எனக்குச் சொன்னது பாபா. இவன் என் தம்பி. விட்டுடுங்க."

மூச்சுச் சத்தம் நின்றது.

பிறகு அந்தக் குரல். கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான்.

"இந்தத் தடவையும் நீதானா?"

என் இடது கை கயிற்றை இழுத்தது.

டிங். டிங்.

வண்டி நிமிர்ந்தது. சாய்ந்திருந்த பக்கம் எழும்பியது. எஞ்சின் தானாகப் பிடித்ததா, மாமா சாவியைத் திருகினாரா, இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. மழை கூரையில் கொட்டியது. கோழிகள் கூடை கிழிகிற மாதிரி கத்தின.

சம்பத் படியில் காலை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, ஸ்டேஷன் வந்துடுச்சா?" என்றான்.

கராட்டில் இறங்கும்போது ஹௌசா அத்தை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். அந்த நேரம் முழுக்க அவள் முந்தானையை முகத்தில் போர்த்திக்கொண்டு குனிந்தே இருந்தாள். ஒன்றையும் பார்க்கவில்லை.

"வளையல் இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் சும்மா கிண்டலுக்குத்தாண்டி கேட்டேன்" என்றாள்.

பயத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன். சம்பத்தை ரயில் ஏற்றினேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி "வர்றேன்க்கா" என்றான். அங்கே சொல்லலாம். அங்கே எந்தக் கல்லும் இல்லை.

மறுநாள் கணவாயில் வண்டி நின்றதும் நேரே தோண்டிபாவின் டீக்கடைக்குப் போனேன். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. பூஜையைவிட டீயில்தான் அக்கறை அதிகம். எல்லாவற்றையும் சொன்னேன். தாரு என்ற இடம் வந்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அந்தப் பையனை எதுக்குக் கோட்டைக்கு அனுப்பினார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தாரு கொண்டாரத்தான்."

"சண்டை நடுவுலயா? சாராயமா?"

"மண்டு. துப்பாக்கிக்குப் போடற தாரு. வெடிமருந்து. தீர்ந்து போச்சு. அது வந்திருந்தா அவர் பொழைச்சிருப்பார்."

சாராயத்துக்கும் வெடிமருந்துக்கும் எங்கள் மராத்தி மொழியில் ஒரே சொல்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

"சரி... இந்தத் தடவையும் நீதானான்னு கேட்டாரே, அது?"

தோண்டிபா ரோட்டைப் பார்த்தார். மாமா வண்டியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"உங்க ஊர்ல இதைச் சொல்லமாட்டாங்க. அவங்களுக்கு வெட்கம். அந்தப் பையன் மருந்து மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினான். கோட்டை வாசல் வரைக்கும் வந்துட்டான். அவனோட அக்கா உள்ள இருந்தா. ஓடி வந்து அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. போனா நீ செத்துடுவேன்னு அழுதா. இவன் இழுக்க, அவ இழுக்க... அதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க."

"அப்புறம்?"

"அவன் கெழவனாகி, பேரன் பேத்தி எடுத்துதான் செத்தான். ஆனா அன்னியிலேருந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசலையாம். நீங்கள்லாம் அவங்க வழியில வந்தவங்கதான்."

நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். ஒரு அக்கா தம்பியைப் பிடித்து நிறுத்தினாள். முன்னூறு வருஷம் கழித்து இன்னொருத்தி நிறுத்தினாள். என்னைப் பார்த்ததும் அவருக்கு அவள் ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவமாகக்கூட இருந்தது. அந்த நினைப்போடுதான் இரண்டு வாரம் ஓட்டினேன். ராத்திரி தூங்கினேன்.

பிறகு சம்பத்திடமிருந்து போன் வந்தது.

நலம் விசாரித்தான். குளிர் என்றான். சாப்பாட்டில் உப்பில்லை என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கினான்.

"அக்கா, அன்னிக்கு பஸ்ல என்னை எதுக்கு அவ்வளவு அழுத்திப் பிடிச்சே?"

"எப்படா?"

"கணவாய்ல. வேற ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நீ பிடிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தே. ஒரு கை சூடா இருந்துச்சு. இன்னொண்ணு ஐஸ் மாதிரி. ஏன்க்கா அப்படி?"

என் இடது கை முழு நேரமும் மணிக்கயிற்றில் இருந்தது.

"மணிக்கட்டு வீங்கிப் போச்சு. வலி போகவே இல்ல. நேத்து இங்க டாக்டர்கிட்ட காட்டினேன். உள்ள ஏதோ குத்தியிருக்குன்னு கீறி எடுத்தார். கண்ணாடித் துண்டு. பச்சைக் கண்ணாடி, வளைஞ்சு இருக்கு." அவன் சிரித்தான். "நீ எப்பக்கா வளையல் போட ஆரம்பிச்சே?"

அம்மா கூப்பிடுகிறாள் என்று ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இப்போதும் அதே வண்டியில்தான் போகிறேன். நடுகல்லில் பாக்ரி வைக்கும்போது பக்கத்தில் ஒரு ஜோடி பச்சை வளையலும் வைக்கிறேன். ஏன் என்று தோண்டிபா கேட்பதில்லை. மறுநாள் வளையல் அங்கே இருப்பதும் இல்லை.

இந்தத் தடவையும் நீதானா...

அன்றைக்கு ரம்பாஜி பாபா என்னிடம் பேசவே இல்லை. என் பக்கத்தில் நின்று என் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் பேசினார்.